நான் வாசித்த ஜெபக் குறிப்பு: சென்னையில் ஐந்து நாட்கள்

ஒருவருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டு, அவர் நம்பிச் சொன்ன ரகசியத்தைப் பதினாறு பேர் முன்னால் வாசித்தால் அதற்கு என்ன பெயர்? அன்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. மஸ்கட்டிலிருந்து எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய், ஐந்து நாள் இருந்து, திரும்பியும் வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் விடை இல்லை.

போகக் காரணம் என் தோழி ஹெப்சி. பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தபோது நாங்கள் ஒரே பெஞ்சு. வங்கி வேலையை விட்டுவிட்டு இப்போது, முப்பத்து மூன்று வயதில், சென்னையில் ஊடகவியல் படிக்கிறாள். படிப்பை முடிக்க ஓர் ஆவணப்படம் எடுத்துப் பார்வையாளர்களுக்குத் திரையிட்டுக் காட்ட வேண்டும். கிறிஸ்தவ விசுவாசமும் தன்பாலீர்ப்பும் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். சபையிலேயே பிறந்து வளர்ந்த நான்கு பேர், தங்களைப் பற்றித் தெரிந்த பிறகு சபை என்ன செய்தது, தாங்கள் என்ன செய்தோம் என்று பேசுகிறார்கள். நால்வரில் முதல் ஆள் ரூபன். எங்கள் வகுப்பு.

"அடி வாங்கினவங்க எல்லாம் பேசுதாங்க, அடிச்சவங்க ஒருத்தரையும் காணோமேன்னு எங்க சார் கேக்காரு," என்று ஹெப்சி போனில் சொன்னாள். "நீ வாட்டி."

நான் அடித்தவள். அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஜெபக்குழுவுக்கு நான்தான் செயலாளர். நீல அட்டை போட்ட ஜெபக் குறிப்பு நோட்டு என் பொறுப்பு. யாருக்குப் பரீட்சை, யார் அம்மாவுக்கு ஆபரேஷன், எல்லாம் அதில் எழுதி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாசிப்பேன். ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் ரூபன் என்னிடம், "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வரல பியூலா. பையன்க மேலதான் வருது. நான் என்ன செய்ய?" என்று கேட்டான். மறுநாள் அவன் பெயரை வாசித்தேன். அழுதுகொண்டே வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது அவன் ஊர்ப் போதகருக்குப் போயிற்று. பாடகர் குழுவில் அவன் இடம் போயிற்று. அவன் அப்பா அவனைக் 'குணமாக்க' ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் விட்டார். பரீட்சை எழுதிய கையோடு அவன் சென்னைக்குப் போனான். அதன்பின் நாங்கள் பேசியதில்லை.

"போய்ட்டு வா. ஆனா யோசிச்சுப் பேசு," என்றார் என் கணவர். போகலாம் என்றாரா, பேசாதே என்றாரா என்று யோசித்துக்கொண்டே குழந்தையின் பையில் இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் இறங்கினோம். மஸ்கட்டில் பாதையோரம் நின்றாலே கார்கள் நின்று வழிவிடும். இங்கே நான் நின்றதும் வண்டிகள் இன்னும் வேகம் பிடித்தது போலிருந்தது. ஆட்டோக்காரர் குழந்தையைப் பார்த்தார், என் மூன்று பைகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊட்டையே காலி பண்ணிக்கினு வந்துட்டியா?"

"அஞ்சு நாளைக்குத்தான்."

"அஞ்சு நாளுக்கே இவ்ளோவா! கொயந்தைய கெட்டியா புடிச்சிக்கோ. ரோடு ரோடா இல்ல, நோண்டிப் போட்டுக்கீறாங்கோ."

மயிலாப்பூருக்குள் நுழைந்ததும் மெட்ரோ வேலைக்கு நிறுத்திய இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். இருபது நிமிடம் நகரவில்லை. குழந்தை அழுதாள். ஆட்டோக்காரர் ஹாரனை அவளுக்காகத் தாளம் போட்டு அடித்தார், அவள் சிரித்தாள். எனக்குச் சனிக்கிழமைத் திரையிடல் நினைவுக்கு வந்தது. பயம் வந்தால் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து, மஸ்கட்டில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். நானும் குழந்தையும் சுகமாக வந்து சேர்ந்தோம், சனிக்கிழமை மயிலாப்பூரில் என் தோழியின் படம் திரையிடப்படுகிறது, தன்பாலீர்ப்பைப் பற்றிய சிக்கலான விஷயம், தடை ஒன்றும் வராதபடி ஜெபத்தில் தாங்குங்கள். எந்த அரங்கு என்பதையும் சேர்த்தேன். நாற்பது கூப்பிய கைகள் வந்தன. மனது லேசானது.

ஹெப்சி குடியிருப்பது அபிராமபுரத்தில், ஒரு வயலின் ஆசிரியையின் வீட்டுக் கீழ்த்தளத்தில். எல்லோருக்கும் அவர் மாமி. ஐம்பது வயது இருக்கலாம். கதவைத் திறந்ததும் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார், கேட்கவெல்லாம் இல்லை.

"பேர் என்ன வெச்சிருக்கேள்?"

"நித்திலா. ஞானஸ்நானம் அடுத்த மாசம், பாளையங்கோட்டையில. அத்தை எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க."

"அத்தைன்னா மாமியாரா? அப்போ நீ பண்றதுக்கு ஒண்ணுமில்லை. சாப்பிட வா."

வெங்காயம் போட்ட ரவா தோசையும் கொத்சும் கொடுத்தார். எங்கள் ஊர்த் தோசையை இட்லிப் பொடி இல்லாமல் சாப்பிட்டால் குற்ற உணர்ச்சி வரும். இதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

மதியம் குழந்தை தூங்கியபோது ஹெப்சி படத்தைக் கணினியில் போட்டுக் காட்டினாள். ரூபனுக்கு முன்நெற்றியில் முடி குறைந்திருந்தது. குரல் அதே கட்டைக் குரல். "யார் வெளியே சொன்னாங்க?" என்று ஹெப்சியின் குரல் கேட்கிறது. அவன் கொஞ்சம் யோசிக்கிறான். "ஒரு தோழி. நல்ல பிள்ளைதான். பேரு வேண்டாம்."

எழுந்து போய்க் குழந்தைக்குக் கொசு கடிக்கிறதா என்று பார்த்தேன். கடிக்கவில்லை. வலைக்குள்தான் படுத்திருந்தாள்.

புதன்கிழமை கோட்டூர்புரத்தில், ஆற்றோரம் ஒரு மர நிழலில் என்னைப் படம்பிடித்தாள். ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கேமரா ஓடியதும் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிட்டது. "சில நேரங்களில் சிலர் அறியாமையினால்..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து. சிலர்னா யாருட்டி?"

"பொதுவா சொல்லுதேன்."

"பொதுவா யாரும் நோட்டு வாசிக்கல. நீ வாசிச்ச."

ஐந்து முறை எடுத்தாள். ஐந்து முறையும் 'சிலர்' வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆறாவது முறை குழந்தை பசிக்கு அழுதாள். அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

திரும்பும்போது ஒரு வண்டிக் கடையில் கீரை வடை வாங்கி இரண்டு பேரும் தின்றோம். "ரூபன் உன்னப் பாக்க மாட்டேன்னு சொல்லல," என்றாள் ஹெப்சி, கையைத் துடைத்துக்கொண்டே. "பாப்பேன்னும் சொல்லல. நீ யாருக்குப் பயப்படுத? உங்க அத்தைக்கா?" அத்தைக்குத்தான். அத்தைக்கு மட்டுமில்லை. இன்னொரு வடை எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சபைக்குச் சொந்தமான அந்த அரங்கின் மேலாளர் தேவசகாயம் ஐயா ஹெப்சியைக் கூப்பிட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, கமிட்டியில ஒத்துக்கல. சனிக்கிழமை ஹால் கெடையாது."

"ஐயா, ஒரு மாசம் முன்னாலயே சொல்லிட்டேனே. மாணவர் படம்னு நீங்களும் சரின்னீங்களே."

"மாணவர் படம்னு சொன்னே, என்ன படம்னு நான் கேக்கல, என் தப்பு. இப்ப எல்லார் போன்லயும் வந்துடுச்சேம்மா. வெளிநாட்டுலேர்ந்து ஒரு சகோதரி அனுப்பினதாம். படிக்கிறேன் கேளு." அவர் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு படித்தார். "'...தன்பாலீர்ப்பைப் பற்றிய சிக்கலான விஷயம், தடை ஒன்றும் வராதபடி ஜெபத்தில் தாங்குங்கள்.'"

என் வாக்கியம். காற்புள்ளி உட்பட என் வாக்கியம்.

ஹெப்சி போனை வைத்துவிட்டு, "எவட்டி இது?" என்று கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதான் கடைசி நாள், அன்று திரையிடாவிட்டால் படிப்பை முடிக்க இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

மாடியில் வயலின் சத்தம் நின்றது. மாமி இறங்கி வந்தார். குழாய் ஓடுவதைப் பார்த்து அதை மூடினார். விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கா? எங்காத்து மாடி ஹால் இருக்கே. நாப்பது குழந்தைகள் உக்காந்து வாசிக்கறதுகள். பெரியவாளா இருந்தா முப்பது பேர், ஒல்லியா இருந்தா முப்பத்தஞ்சு."

"மாமி, படம் என்ன விஷயம்னு..." என்று ஹெப்சி இழுத்தாள்.

"ரெண்டு மாசமா கீழே நீ போட்டுப் போட்டுக் கேக்கறே. எனக்கு வசனமே மனப்பாடம்டி. திரைக்கு என்ன பண்ணுவே?"

திரைக்குத் துணி வாங்க தி.நகர் போனோம். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பது எனக்கு ஒரு சாதனை. நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்விடும். போன வாரம் மஸ்கட்டில் நான் நடந்த பேரங்காடியில் என் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இங்கே ஒருவர் என் காதுக்குள் நைட்டி விற்றார். துணிக்கடைக்காரர் காடாத் துணியை எடுத்துப்போட்டு, குரலைத் தணித்து, "காரியத்துக்காம்மா?" என்றார்.

"இல்லண்ணே, படம் காட்ட."

"அப்ப நல்லதாவே குடுக்கிறேன்."

அகலம் போதவில்லை. இரண்டு துண்டை இணைக்க வேண்டும். தெரு முனையில் தையல் இயந்திரம் போட்டிருந்த பாய், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். நடுவில் மனைவி கூப்பிட்டார் போலிருக்கிறது, உருதுவில் பேசினார். மஸ்கட்டில் பழகியதால் எனக்குப் புரிந்தது. "ரெண்டு பொம்பளைங்க வந்திருக்காங்க, ஒரு கைக்குழந்தை. சினிமாத் திரையாம். ஆமா, என் தையல்ல ஓடப்போகுது. இல்ல, இன்னும் சாப்பிடல." நூல் வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்தார். துணியை வாங்கும்போதுதான் ஹெப்சி காலைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "ஒரு முனையைப் பிடிட்டி."

அன்று சாயங்காலம் நானே ரூபனுக்குச் செய்தி அனுப்பினேன். நாளைக்கு வரலாமா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, "மதியம் வா. மீன் சாப்பிடுவேல்லா?" என்று வந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டிவாக்கம். ஹெப்சியும் கேமராவோடு கூட வந்தாள். ரூபன் சென்னைக்கு வந்த பிறகு பிசியோதெரபி படித்து, இப்போது அந்த வேலையில் இருக்கிறான். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, அவனும் கார்த்திக்கும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். கார்த்திக் சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். "ஒன்பது வருஷமா கூட இருக்கேன்," என்று தன்னையே அறிமுகப்படுத்திக்கொண்டார். குழந்தை அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

மன்னிப்பை நான் போனில் எழுதி வைத்திருந்தேன். மூன்று பத்தி. போனை எடுத்ததும் ரூபன் கையை நீட்டித் தடுத்தான்.

"வாசிக்காத பியூலா. இன்னொரு தடவ என்னப் பத்தி எழுதி வாசிக்காத."

போனை மூடினேன். பார்த்து வாசிக்க ஒன்றும் இல்லாததால் வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் உன்கிட்ட கேக்கவே இல்ல. வாசிக்கலாமான்னு ஒரு வார்த்த கேக்கல. தப்பு பண்ணிட்டேன்."

கார்த்திக் அடுப்பைத் தணித்தார்.

"கிறிஸ்மஸ் வந்தா நம்ம பிள்ளைங்க வீடு வீடாப் பாடப் போவாங்கல்லா," என்றான் ரூபன். "பன்னெண்டு வருஷமா அந்த மாசம் பூரா ராத்திரி டிவி சத்தத்தக் கூட்டி வச்சிருப்பேன். நான் சபைய விட்டுப் போகல பியூலா. போய்ட்டான்னு நீங்கதான் அறிவிச்சீங்க. நான் இப்பவும் ஜெபம் பண்ணுதேன். தனியா."

அழக் கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தேன். அன்றைக்கு அழுதுதானே வாசித்தேன். அதனால் அழாமல், இந்த வாரம் நான் செய்ததையும் சொன்னேன். ஆட்டோ, வாட்ஸ்அப், நாற்பது கூப்பிய கைகள், ரத்தான அரங்கு.

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏ கார்த்தி, கேட்டியா! பன்னெண்டு வருஷத்துல நோட்டு மட்டும்தான் மாறியிருக்கு!" ஹெப்சியும் சிரித்துவிட்டாள். நான்தான் கடைசி.

சாப்பிட்டு முடித்ததும் அவன் சொன்னான். "கேமராவுல சொல்லு. ஆனா 'ஒரு சகோதரன்'னு சொல்லாத. என் பேரச் சொல்லு. நோட்டுல என்ன எழுதினியோ அத ஒரு எழுத்து மாத்தாமச் சொல்லு."

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். "என் பெயர் பியூலா. ஜெபக் குறிப்பு நோட்டில் நான் எழுதியது: ரூபன், அசுத்த ஆவியின் கட்டிலிருந்து விடுதலை." எழுதும்போது ஐந்தே வார்த்தைகள். சொல்லும்போது நாக்கு ஒவ்வொன்றிலும் தடுக்கியது. பிறகு இந்த வாரத்தையும் சேர்த்துச் சொன்னேன். நடுவில் ஒரு காக்கை கத்தியது. 'சிலர்' ஒருமுறையும் வரவில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

திரும்பும்போது இருந்த உற்சாகத்தில் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். "அடையாறு எப்ப வரும்?" என்று ஹெப்சி கேட்க, நடத்துநர், "இப்டியே போனா மகாபலிபுரம் வரும், போய் சிற்பம் பாத்துட்டு வாங்க," என்றார். பஸ்ஸே சிரித்தது. இறங்கி, சாலையைக் கடந்து, மறுபடி ஏறினோம். அந்தச் சாலையை நானும் குழந்தையும் பயப்படாமல் கடந்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரவோடு இரவாக ஹெப்சி என் பேச்சைப் படத்தில் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திரையிடல். மாமியின் மாணவிகள் ஜன்னல்களில் நாளிதழ் ஒட்டி வெளிச்சத்தை மறைத்தார்கள். முப்பது நாற்காலி போட்டோம். நாலே முக்காலுக்கு மாடிப்படி முழுக்கச் செருப்புகள். ஹெப்சியின் ஆசிரியர், வகுப்பு, என் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து விசாரித்துக்கொண்டு அடையாற்றிலிருந்து வந்த ஒரு சிறிய ஜெபக் கூட்டம், மாமியோடு பாட்டு சொல்லிக்கொடுக்கும் பெண்கள், யார் யாரோ. தரையில், ஜன்னல் விளிம்பில், வயலின் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். எழுபது பேர். ஒல்லியானவர்கள் குறைவு. கடைசியாக ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து படியிலேயே நின்றுகொண்டார்.

திரையில் பாயின் தையல் என் முகத்தின் நடுவே போயிற்று. நான் பேசி முடித்தபோது அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். படம் முடிந்தது. பிறகு கைதட்டல், நிற்கவே இல்லை. ஜன்னல் நாளிதழ்கள் அதிர்ந்து ஒன்று கழன்று விழ, சாயங்கால வெயில் நேராக ஹெப்சியின் மேல் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசடு வழிய நின்றாள். அவளுடைய ஆசிரியர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம் வந்தது. ஒருவரும் கேட்கவில்லை. கார்த்திக்கின் பக்கத்தில் இருந்த ரூபன் எழுந்தான். "சரி, நான் கேக்கேன். இங்க எத்தனை பேரு இது மாதிரி ஜெபக் குறிப்பு வாசிச்சிருக்கீங்க?"

படியில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரரின் கை உயர்ந்தது.

"நான் தேவசகாயம். ஹால் குடுக்காதவன்," என்றார். "அந்த மெசேஜ நான் இன்னும் பத்து பேருக்கு அனுப்பினேன். ஜெபத்துக்காகன்னுதான் அனுப்பினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சிரு தம்பி."

ஒரு கை, இன்னொரு கை. அடையாறு கூட்டத்தில் மட்டும் ஏழு. மாமியும் கையைத் தூக்கினார். "எங்காத்துல இதுக்கெல்லாம் நோட்டு கிடையாது. கோவில் பிரகாரம் ஒரு சுத்து வந்தாலே ஊருக்கே தெரிஞ்சுடும்," என்றார். அறை வெடித்துச் சிரித்தது. ரூபன் என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

கீழே எல்லோருக்கும் மாமி காபி கொடுத்தார். தேவசகாயம் ஐயா நாற்காலிகளை மடக்கி அடுக்கினார், தடுத்தும் கேட்கவில்லை. ரூபனின் தோளில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக, மிகத் தாழ்ந்த குரலில், ஒரு பழைய பாடலின் கட்டைக் குரல் பகுதியை மட்டும் முனகிக்கொண்டிருந்தான்.

எனக்கு வாய் தானாகத் திறந்தது. "ரூபன், இவளுக்கு ஞானத்தகப்பனா நிப்பியா?"

முனகல் நின்றது. "உங்க அத்தைட்ட கேட்டியா?"

"இல்ல. முதல்ல உன்கிட்டதான் கேக்கேன்."

கொஞ்ச நேரம் குழந்தையின் முதுகைத் தட்டினான். "அப்ப நிப்பேன்," என்றான். "போதகர் கேக்கும்போது சபை நடுவுல, சத்தமாப் பதில் சொல்லுவேன்."

இப்போது மஸ்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஹெப்சியின் படம் தேறிவிட்டது. என் கணவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். "நல்ல ஆளு. ஆனா அம்மாட்ட நீயே சொல்லு," என்றார். எங்கள் சபை வழக்கப்படி பெண் குழந்தைக்கு ஞானத்தாய் இருவர், ஞானத்தகப்பன் ஒருவர்தான். அந்த ஒரே இடத்துக்குக் கணவரின் அண்ணனை அத்தை முடிவு செய்து, அவரும் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். ரூபன் யார் என்று அத்தை கட்டாயம் கேட்பார். கார்த்திக்கைப் பற்றிச் சொல்லலாமா என்று ரூபனிடம் கேட்டேன். "நீ சொல்லு, ஒளிக்காத," என்று அனுமதி கொடுத்துவிட்டான். ஆகவே ஒளிக்க மாட்டேன். அவனிடம் கேட்டதைத் திரும்பப் பெறவும் மாட்டேன், அதுவும் நிச்சயம்.

தெரியாதது ஒன்றுதான். அறுபத்தெட்டு வயதில், தினமும் என் பெயர் சொல்லி ஜெபிக்கிற, என்மேல் உண்மையிலேயே அன்பாக இருக்கிற ஒருவரிடம் இதை எப்படித் தொடங்குவது? போனிலா, நேரிலா? படத்தை முதலில் காட்டவா, ரூபனை முதலில் காட்டவா? மாமியாரிடம் இப்படி ஒன்றைச் சொல்லி ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எனக்காக ஜெபித்துக்கொள்ளவும் செய்யலாம். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.